எனக்காக இன்னொருவன் படித்த செய்தி

சாமி,

பழைய ஐநூறு, ஆயிரம் நோட்டெல்லாம் செல்லாது என்று சொன்னார்களே, அதற்கு மறுவருஷம். மழை பொய்த்து நம் பக்கத்துத் தென்னைகள் தலை கருகி நின்ற வருஷம். ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் தண்ணீர் இல்லாமல், பரமத்தி வேலூர் ஆற்று மணலில் குழாய் போட்டுவிட, அதன் அடியில் வரிசையில் நின்று குளித்தோம். உன் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்ததும் அப்போதுதான். நெட்டு ஓசி என்று சிம் கொடுத்து, கொத்தனார் முதல் கோழிப்பண்ணைக்காரர் வரை எல்லார் கையிலும் தேய்க்கிற போன் வந்ததும் அப்போதுதான். எனக்குத் தேதி தெரியாது. ஆனால் எது எதற்குப் பிறகு நடந்தது என்று கேள், ஒன்றுகூட மாறாமல் சொல்வேன். அந்த வருஷம்தான் நான் வேலை செய்த ஆஸ்பத்திரியில் எங்களையெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தார்கள்.

இப்போது இதைச் சொல்ல என்ன வந்தது என்று கேட்பாய். போன செவ்வாய்க்கிழமை நீ ஒரு படம் அனுப்பினாய். கோயம்புத்தூரில் உன்னை வார்டு இன்சார்ஜ் ஆக்கியதற்கு, கூட வேலை செய்கிறவர்கள் கேக் வாங்கி வந்து வெட்டிய படம். உன் அம்மா அதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பத்துத் தடவை பார்த்தாள். நான் உன் சித்தப்பன் மகள் கோகிலாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பள்ளிக்கூடத்து டீச்சர் அல்லவா, அவள் கண் எழுத்து இருக்கும் இடத்துக்குத்தான் போகும். “பெரியப்பா, அண்ணனுக்குப் பின்னாடி வெள்ளை போர்டு இருக்குது பாருங்க. அதுல கட்டில் நம்பரு, பேரு, என்ன நோவு எல்லாம் எழுதியிருக்குதுங்க. பெருசு பண்ணுனா நல்லாவே தெரியுது” என்றாள். அந்தப் படத்தை அழித்துவிடு. யார் யாருக்கு அனுப்பினாயோ அவர்களையும் அழிக்கச் சொல். இதை மட்டும் சொல்லத்தான் கோகிலாவை உட்கார வைத்தேன். ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, நான் செய்ததைச் சொல்லாமல் உனக்கு இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையை மூடிய பிறகு நான் அந்த ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியும். ஊர் பேரும் ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம். நாமக்கல் பக்கம், அவ்வளவு போதும். ஸ்ட்ரெச்சர் தள்ளுவேன். ஸ்கேனுக்கு அழைத்துப் போவேன். கட்டிலில் விரிப்பு மாற்றுவேன். ரத்தக் குப்பிகளை மூடியின் நிறம் பார்த்து லேபுக்குக் கொண்டுபோவேன். எனக்கு எழுத்து தெரியாதென்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. சேரும்போது கேட்டார்கள், எட்டாவது என்று சொல்லிவிட்டேன். சட்டைப் பையில் ஒரு பேனாவும் வைத்துக்கொண்டேன். அது என்னிடம் இருந்து என்ன பயன்? கேட்டவர்களுக்கெல்லாம் இரவல் கொடுக்கத்தான்.

பெரிய டாக்டர் காலையில் வார்டு சுற்றும்போது நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவார். மூணாம் நம்பருக்குத் தண்ணீர் கூடாது, ஏழாம் நம்பரைப் பதினோரு மணிக்கு எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோ, பன்னிரண்டாம் நம்பர் தாத்தா ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும், இந்த மாதிரி. கடைசிக் கட்டிலில் நின்று திரும்பிப் பார்ப்பார்.

“யோவ் பெருசு, எங்கே, திருப்பிச் சொல்லு.”

முதல் கட்டிலில் இருந்து கடைசி வரை ஒப்பிப்பேன்.

“சிஸ்டருங்க நோட்டையெல்லாம் எடைக்குப் போட்டரலாம் போல இருக்குதே. இந்தாளு மண்டையையே பீரோவுல வெச்சுப் பூட்டிக்கலாம்” என்று சிரிப்பார்.

அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது, சாமி. வாயால் சொன்ன ஒரு வார்த்தையை நான் தவறவிட்டதில்லை. அந்தக் கர்வத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

டாக்டருக்கு வயதாகி, புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். சின்ன வயது, கெட்டிக்காரர். ஒரு நாள் எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார். “இனிமே நான் சொல்லல, நான் கேக்கலங்கற பேச்சே கூடாதுங்க. எந்த வேலையா இருந்தாலும் குரூப்புல எழுத்துல வரும். பேரு, கட்டில், நோவு, என்ன பண்ணோணும், எழுதினவங்க பேரு, எல்லாம் இருக்கோணும். பார்த்தவங்க உடனே கட்டைவிரல் படம் போடுங்க. போட்டா நீங்க படிச்சீங்கன்னு அர்த்தம்.” சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மேனேஜர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. யார் யாரிடம் சொன்னோம் என்று தெரியாமல் வேலை விட்டுப்போவது எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டுதான். தப்பு என் பக்கம். அன்றே, அந்த இடத்திலேயே, “எனக்குப் படிக்க வராதுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

எங்கள் வார்டு சிஸ்டர் அன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சேலம் அம்மாபேட்டைக்காரர், பட்டுத் தறிக் குடும்பம். நாமக்கல் பக்கம் வாக்கப்பட்டு வந்தவர். வீட்டுக்காரர் இல்லை, ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு இந்த வேலையை நம்பி இருந்தார். மூடி நிறம் பார்த்து நான் குப்பி எடுப்பதை அவர் எப்போதோ கவனித்திருக்கிறார். மறுநாளில் இருந்து எனக்கென்று குரூப்பில் எழுத்தோடு வாயாலும் பேசிப் போட ஆரம்பித்தார். “அண்ணா, ஆறாம் நம்பர ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க” என்று போனில் அவர் குரல் வரும். யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, மேனேஜர் பிடித்துக்கொண்டார். “சிஸ்டர், தாலாட்டுப் பாடற மாதிரி வாய்ஸ் போட வேண்டாங்க. எழுத்து மட்டும்தான். நாளைக்கு ஒண்ணுன்னா எடுத்துக் காட்டோணுமல்ல?”

மருந்து ரூமில் வைத்து அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். “அண்ணா, நானே அவருகிட்டப் பக்குவமாச் சொல்லட்டுங்களா? இதுல என்ன கேவலம் இருக்குது?”

“வேண்டாஞ் சாமி. என்ற பையன் நர்சிங் படிக்கிறான். அப்பனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுன்னு நாளைக்குப் பேசுவாங்க. நான் பார்த்துக்கறேன்” என்றேன்.

உன் மேல் பழியைப் போட்டேன் பார். நீ சேலம் ஹாஸ்டலில் இருந்தாய். அங்கே போன் வைத்துக்கொள்ள விட மாட்டார்கள். இல்லாவிட்டால் உன்னிடமே கேட்டிருப்பேன். கேட்டவன் உன் சித்தப்பன் ராசு. தீவன மில்லின் எடைமேடையில் உட்கார்ந்திருப்பான், லாரி வராத நேரம் சும்மாதான் இருப்பான். குரூப்பில் எது வந்தாலும் அப்படியே அவனுக்குத் தள்ளிவிடுவேன். அவன் படித்து, வாயால் பேசி எனக்கு அனுப்புவான். அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுக் கட்டைவிரலைப் போடுவேன். பாதி நாள் எல்லாருக்கும் முன்னால் என் விரல்தான் இருக்கும். “பாருங்க, வயசானவரு எவ்வளவு சுறுசுறுப்பு” என்று மேனேஜர் மற்றவர்களுக்கு என்னைக் காட்டுவார். ராசு அதிலும் கேலி பண்ணுவான். “அண்ணா, உங்க மேனேஜரு ஒரு வரிக்கு மூணு தப்பு உடறான். இவன் எட்டாவது, நீதான் மேனேஜரு.” இரண்டு பேரும் சிரிப்போம். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. கட்டிலில் கிடந்தவர்களின் சர்க்கரை, மூலம், கருக்கலைப்பு, கைகால் வராமல் போனது, எல்லாவற்றையும் ஒரு எடைமேடையில் உட்கார்ந்து என் தம்பி வாய்விட்டுப் படித்தான். அது தப்பென்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. என் வேலையைத் தவறாமல் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

பத்தாம் நம்பர் கட்டிலுக்கு ஒரு பெண் வந்தாள். பேரை எழுதச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை எழுத்தில் போனதே போதும். ஆற்றோரத்து ஊர், தாயில்லாத பெண், நூல் மில்லுக்கு வேலைக்குப் போனவள். மில்லில் விழுந்துவிட்டாள் என்று அவள் அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். வலிப்பு. மாத்திரையை விடாமல் போட்டால் ஒன்றும் செய்யாது, எல்லாரையும் போல இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை நான் காதாரக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் அப்பா சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மிணி, இது வெளிய தெரியாமப் பார்த்துக்கோங்க. நானே மாப்பிள்ளைகிட்ட நேர்ல சொல்றேன், ஒரு வாரம் பொறுங்க” என்று கெஞ்சினார்.

சிஸ்டர் குரூப்பில் எழுதினார். பேரு, கட்டில், வலிப்பு, கட்டிலின் இரு பக்கக் கம்பியையும் தூக்கியே வைக்க வேண்டும், தனியாகப் பாத்ரூமுக்கு அனுப்பக் கூடாது. எல்லாம் மேனேஜர் சொன்ன முறைப்படி. அதோடு இன்னொரு வரியும் சேர்த்தார்: நிச்சயமான பெண், வார்டுக்கு வெளியே யாரிடமும் நோயைப் பற்றிப் பேச வேண்டாம். கீழே அவர் பேர்.

பேச வேண்டாம் என்று எழுதியிருந்த அந்தச் செய்தியைத்தான், என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக நான் ராசுவுக்கு அனுப்பினேன்.

இந்தத் தடவை அவன் பேசி அனுப்பவில்லை, போனே செய்தான். “அண்ணா, இந்தப் புள்ள ஆருன்னு தெரியுமா? என்ற மச்சினன் பையனுக்குப் பேசி முடிச்சிருக்கற புள்ளைண்ணா.”

“டேய், அதை அழிச்சிரு. வாயைத் தொறக்காதே. அவங்கப்பன் தானே சொல்றேங்கறாரு.”

“சரி” என்றான். இரண்டு நாள் பொறுத்தான் என்று பிறகு சொன்னான். மூன்றாம் நாள் மச்சினன் வீட்டுக்குப் பந்தக்கால் பேசப் போனவன், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் மனசு கேட்காமல் சொல்லிவிட்டான். அவர்கள் நம்பவில்லை. கல்யாணத்தைக் கெடுக்கப் பார்க்கிறாயா என்றிருக்கிறார்கள். போனில் இருந்ததை எடுத்து அனுப்பிக் காட்டினான்.

இந்த இடத்தில் கோகிலா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவளைப் பெற்றவன் அல்லவா. உன் சித்தப்பன் கெட்டவன் இல்லை, சாமி. தன் மச்சினன் வீட்டுப் பையன் விஷயத்தில் தெரிந்தும் சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை. அவன் கையில் அதைக் கொடுத்தவன் நான். எழுது கண்ணு என்றேன். எழுதுகிறாள்.

மறுநாள் காலை பெண்ணின் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கவுண்டரில் போனை வைத்து, “படிச்சுப் பாருங்க சாமி. எம் புள்ள பேரு இருக்குதா இல்லியா? காலைல அவிங்க ஊட்டுல இருந்து இதை எனக்கே அனுப்பி, வேண்டாம்னுட்டாங்க” என்றார். மேனேஜர் சத்தமாகப் படித்தார். சீட்டு வாங்க நின்றவர்கள், ஆயாக்கள், நாங்கள், ஒரு நாற்பது பேராவது இருப்போம். கடைசியில் இருந்த பேரையும் படித்தார்.

“நான் எழுதினதுதாங்க சார். வெளிய அனுப்பினது நானில்லை” என்றார் சிஸ்டர்.

“அப்ப குரூப்புல இருந்து காத்துல பறந்து போச்சுங்களா?”

சிஸ்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்து நின்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது. படிக்கத் தெரியாத ஒருவன் எல்லாருக்கும் முன்னால் எப்படிக் கட்டைவிரல் போட்டான் என்பது அந்த நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் காலி சக்கர நாற்காலியின் பிடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். “இவரைக் கேளுங்க” என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று மத்தியானமே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். நோயாளி விஷயத்தை வெளியே விட்டவர் என்று பேர் பரவி, அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி எதிலும் அவரைச் சேர்க்கவில்லை.

டிபன் பையோடு வெளியே வந்தவர், கேட்டில் நின்று என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“அண்ணா, அந்தப் பத்தாம் நம்பர் புள்ளைய இன்னைக்கே கூட்டிட்டுப் போறாங்க. மாத்திரைய மட்டும் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, நிறுத்துனா முன்னைவிட மோசமா வரும்னு அவங்கப்பாகிட்ட ஒரு நடை ஊட்டுக்கே போய்ச் சொல்லிருங்க. இப்ப அவரு இருக்கற கோவத்துக்கு நான் சொன்னாக் கேக்க மாட்டாரு. நீங்க வாயால சொன்னாப் போதும்.”

“சொல்றேஞ் சாமி” என்றேன்.

போகவில்லை. இரண்டு தடவை பஸ் ஏறினேன். ஒரு தடவை பரமத்தி வேலூரில் இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். இன்னொரு தடவை அந்த ஊர் நிறுத்தத்திலேயே இறங்கி, வாழைத்தோப்பு ஓரமாக வீடு தெரிகிற தூரம் வரை நடந்தேன். வாசலில் அந்த மனுஷன் உட்கார்ந்திருந்தார். எந்த முகத்தோடு போவது? திரும்பிவிட்டேன். டாக்டர் சொன்ன எத்தனையோ ஆயிரம் வார்த்தையைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன், அந்த ஒரு வார்த்தையைச் சேர்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, காவிரியில் தண்ணீர் விட்டு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. வேறு இடத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வீட்டில் மாத்திரை அட்டை இருந்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்று அந்தப் பெண் நிறுத்திவிட்டாளாம். துணி துவைக்க வாய்க்காலுக்குப் போனவள் அங்கேயே விழுந்துவிட்டாள். முழங்கால் அளவுத் தண்ணீர். ராசு வந்து சொன்னான். சொல்லிவிட்டு நம் வாசலில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உன் அம்மா என்ன என்ன என்று கேட்டாள். நான் அவளை உள்ளே போகச் சொன்னேன்.

நீ லீவுக்கு வந்தபோது, அப்பா ஏன் வேலையை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டாய். முட்டி வலி என்றேன். என் முட்டிக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை.

இப்போது நீ இன்சார்ஜ். உன் குரூப்பில் முப்பது பேர் இருப்பார்கள். உடனே வேலை நடக்க அது வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த முப்பது பேரில் யாராவது ஒருவன் மற்றவர்களைவிட முந்தி விரல் போடுகிறானா, அவன் பக்கத்தில் போய் நில். எல்லார் முன்னாலும் கேட்காதே, அவன் செத்தே போவான். தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, என்ன எழுதியிருந்தது சொல்லுங்கண்ணா என்று கேள். படிக்க வராது என்று சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு, வாயால் சொல். அவனுக்கு அது அவமானம் இல்லை என்று அவன் நம்பும்படி சொல். ஒருவரின் பேரையும் நோயையும் சேர்த்து எழுதுவதற்கு முன், இந்தப் போனுக்குப் பின்னால் இன்னொரு போன் இருக்கும், அதற்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும் என்று நினைத்துக்கொள். ஒரு தப்பு நடந்தால், எழுத்தில் யார் பேர் இருக்கிறதோ அவரைப் பிடிக்காதே. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறவனைப் பார்.

சிஸ்டரை ஒரே ஒரு தடவை தேடிப் போனேன். அம்மாபேட்டையில் பிறந்த வீட்டோடு வந்துவிட்டார், ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடித்துப் போடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கடைக்கு எதிரில் நின்று பார்த்தேன். ஊசி போடும்போது குழந்தைகூட அழாத கை, சேலையை விரித்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தது. வந்தவள் ஒன்றும் எடுக்காமல் எழுந்து போக, அத்தனையையும் மறுபடி மடித்தார். அன்றும் திரும்பிவிட்டேன்.

கோகிலா கேட்டாள், “பெரியப்பா, இதை அண்ணனுக்கு மட்டும் அனுப்பட்டுங்களா?” வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரி வேலை செய்கிறவர்கள் படிக்கிற இடத்தில் எங்கே போட முடியுமோ அங்கே போடச் சொல்லியிருக்கிறேன். அவர் பேரை நாற்பது பேர் முன்னால் படித்தார்கள். அவர் இல்லை, நான்தான் என்பதை என் வீட்டு அறைக்குள் மட்டும் சொன்னால் எப்படிச் சரியாகும்? ஞாயிற்றுக்கிழமை சேலம் பஸ் ஏறுகிறேன். நீயும் வா. என்னைக் காப்பாற்ற வராதே, நான் மறுபடி திரும்பிவிடாமல் இருக்க வா. அவர் என்னை வெளியே போகச் சொன்னால் போய்விடுவோம். அவர் இனி நர்ஸ் வேலைக்குத் திரும்ப முடியுமா, அதற்கு யாரிடம் போய் நான் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எங்கே சொல்ல வேண்டுமானாலும் சொல்கிறேன்.

நான் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், சாமி. வாய்க்காலில் அந்தப் பெண். அவள் போன மறுவருஷம் அவள் அப்பா, தோப்பில் தண்ணீர் கட்டப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. கொரோனாவில் முதலில் பெரிய டாக்டர், அடுத்த அலையில் ராசு. மேனேஜர் எங்கேயோ நன்றாக இருக்கட்டும், அவரிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சொன்னால் கேட்பதற்கு உயிரோடு இருப்பவர் இனி ஒருவர்தான்.

மரகதம் சிஸ்டர்.